எஞ்சின் மூடி ஷாக்: 800 போதவில்லை, 1000 நியூட்டன் போடலாமா? இடது பிராக்கெட் பிய்ந்து வந்துவிட்டது

குந்துகால்_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் தென்கடல் பக்கம் 26 அடி பைபர் படகு ஒண்ணு வச்சிருக்கேன். தொழிலுக்கு இல்ல, குடும்பத்தோட போக, ஞாயித்துக்கிழமை தூண்டில் போட. கொச்சியில கைமாத்தி வாங்கினது. டீசல் எஞ்சின் பின்தளத்துக்கு அடியில உள்ளுக்குள்ள இருக்கு. அதுக்கு மேல நாலடி நீளம், மூணேகால் அடி அகலத்துல பைபர் மூடி. கீல் முன்பக்கம், தூக்குறது பின்பக்கத்துல இருந்து. ரெண்டு பக்கமும் கார் டிக்கியில இருக்கிற மாதிரி கேஸ் ஷாக். பழைய ஓனர் போட்டது, தள்ளுற பலம் 800 நியூட்டன்னு எழுத்து தேஞ்சு தெரியுது.

சங்கடம் என்னன்னா, முதல்ல மூடி அசையவே மாட்டேங்குது. குனிஞ்சு இடுப்பு ஒடிய தூக்கணும். கொஞ்சம் மேல வந்ததும் கையை உதறிட்டு டபார்னு தானா எகிறுது. மூடணும்னா நான் தொங்கணும், என் மச்சானும் தொங்கணும். போன வாரம் இடது பக்க பிராக்கெட் மூடியில இருந்து ஸ்க்ரூவோட, பிளைவுட் துண்டோட பிய்ஞ்சு வந்துருச்சு.

கடையில கேட்டா "தூக்க கனமா இருக்குன்னா ஷாக் பத்தல, 1000 போடுங்க"ங்கிறாங்க. போடலாமா?

கம்புதான்_கதி:

எங்க லாஞ்சுல எஞ்சின் ரூம் பலகைக்கு இருக்கிறது ஒரே ஒரு சவுக்குக் கம்பு. எங்க அப்பா காலத்துல வெட்டினது. கேஸ் போகாது, துருப்பிடிக்காது, நியூட்டன் கணக்கும் வேணாம்.

தங்கச்சிமடம்_ஸ்பானர்:

@குந்துகால்_வாசி தம்பி, 1000 வாங்கிடாதீங்க. இப்ப இருக்கிற 800ஏ அதிகம்னுதான் எனக்குப் படுது. தானா எகிறுது, மூட ரெண்டு ஆள் தொங்கணும்னு நீங்களே சொல்லிட்டீங்க. ஷாக்குல கேஸ் போயிருந்தா அப்படி எகிறாது. ஆரம்பத்துல கனமா இருக்கிறது வேற கணக்கு.

முதல் வேலை: வலது பக்கம் ஒத்தை ஷாக்கை மட்டும் வச்சுக்கிட்டு மூடியைத் திறந்து மூடாதீங்க. ஒரு பக்கம் மட்டும் தள்ளினா கீல் முறுக்கிக்கும், விளிம்பு நீளத்துக்கும் ஓடுற பியானோ கீலா இருந்தா நடுக்கம்பியே வளைஞ்சிரும். மூடியைத் திறந்து நல்ல மரக்கட்டை ரெண்டு முட்டுக் கொடுத்து, வலதையும் கழட்டிருங்க. ஷாக் நுனியில, பிராக்கெட்டோட உருண்டைத் தலை (குண்டு) மாட்டுற கிண்ணத்துல ஒரு சின்ன கம்பி கிளிப் இருக்கும். தட்டை ஸ்க்ரூ டிரைவரை விட்டு லேசா நெம்பினா போதும், கிளிப்பை முழுசா உருவ வேண்டியதில்ல. முட்டு இல்லாம கழட்டினா மூடி தலையில இறங்கும். ஆள் ரெண்டு பேர் கட்டாயம்.

அப்புறம் மீன் நிறுக்கிற தொங்கு தராசு ஒண்ணு எடுங்க. ஷாக் ரெண்டும் இல்லாம மூடியோட பின் விளிம்பு நடுவுல கயிறு கட்டி, தராசை மாட்டி, விளிம்பு ஒரு விரல் அளவு எழும்புற வரை தூக்குங்க. எத்தனை கிலோ காட்டுதுன்னு சொல்லுங்க. அதோட கீல்ல இருந்து ரெண்டு குண்டும் எவ்வளவு தூரம், எவ்வளவு தாழ இருக்குன்னு டேப் வச்சு அளந்து போடுங்க. அளவு இல்லாம யார் என்ன சொன்னாலும் அது குருட்டாம்போக்கு.

மதுரை_வீக்கெண்ட்:

பேசாம எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டர் போட்டுடுங்க ப்ரோ. 12 வோல்ட், சுவிட்ச் தட்டினா தானா தூக்கும். வெளிநாட்டுப் படகுல எல்லாம் அதான்.

தங்கச்சிமடம்_ஸ்பானர்:

@மதுரை_வீக்கெண்ட் போடலாம்தான். ஆனா பேட்டரி இறங்கினாதான் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அப்பதான் மூடியைத் திறந்து பார்க்கணும், அதே பேட்டரிதான் மூடியையும் திறக்கணும். குருசடைத் தீவு பக்கம் நின்னு போனா என்ன செய்வீங்க? வெளியில இருந்து உருவுற பின் வச்ச ஆக்சுவேட்டரா இருந்தா மட்டும் பேசலாம். அதுவும் மூடி எடையைச் சரி பண்ணின பிறகு.

குந்துகால்_வாசி:

அண்ணே, அளந்துட்டேன்.

தராசு: 22 கிலோ.
மூடி நீளம் கீல்ல இருந்து பின் விளிம்பு வரை: 120 செ.மீ.
மூடியில இருக்கிற குண்டு: கீல்ல இருந்து 40 செ.மீ. பின்னால, 3 செ.மீ. தாழ.
படகுச் சுவர்ல இருக்கிற குண்டு: கீல்ல இருந்து 75 செ.மீ. பின்னால, 12 செ.மீ. தாழ.
ஷாக் முழுசா நீட்டினா 65 செ.மீ., உள்ள போற தூரம் 30 செ.மீ.

மூடிக்கு அடியில சத்தம் குறைக்க வெள்ளித்தாள் ஒட்டின ஸ்பாஞ்சு இருக்கு. அழுத்தினா தண்ணி கசியுது.

கீழக்கரை_சீஃப்:

நல்ல அளவுகள். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடியின் மொத்த எடை நமக்குத் தேவையே இல்லை. தராசு காட்டிய 22 கிலோவை நீளம் 1.2 மீட்டரால் பெருக்கி, 9.81ஆல் பெருக்கினால் 259 வரும். கீலைச் சுற்றி மூடி கீழே இழுக்கும் டார்க், அதாவது சுழற்றும் பலம், அதுதான், நியூட்டன் மீட்டரில். மூடி மேலே போகப் போக இது குறையும். 25 டிகிரியில் 235, முழுதாகத் திறந்த 55 டிகிரியில் 149 ஆகிவிடும்.

இனி ஷாக் பக்கம். அது எத்தனை நியூட்டன் என்பது பாதிக் கதைதான். கீலிலிருந்து ஷாக் கம்பி போகும் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்பது மீதிக் கதை. உங்கள் அளவுகளை வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் அதே அளவில் வரைந்து, கீலுக்கு ஒரு ஆணி, மூடிக்கு ஒரு ரீப்பர் கட்டை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். மூடி சாத்தியிருக்கும்போது அந்தத் தூரம் வெறும் 7 செ.மீ. 25 டிகிரி திறந்ததும் 33. முழுதாகத் திறந்தால் 40.

அதாவது சாத்திய நிலையில் ஷாக் கிட்டத்தட்டக் கீலை நோக்கியே தள்ளுகிறது. அதன் பலமெல்லாம் வீண். பலத்தை அந்தத் தூரத்தால் பெருக்கினால், 800 நியூட்டன் ஷாக் இரண்டும் சேர்ந்து அங்கே தரும் டார்க் 112. நீங்கள் கையால் தூக்க வேண்டிய மீதி, விளிம்பில் பன்னிரண்டரை கிலோ. 25 டிகிரிக்கு வந்ததும் அதே ஷாக்குகள் 528 தருகின்றன, மூடிக்குத் தேவை 235தான். விளிம்பில் 25 கிலோ மேல்நோக்கித் தள்ளுகிறது. அதுதான் உங்கள் "டபார்". முழுதாகத் திறந்த மூடியைக் கீழே இழுக்க 42 கிலோ வேண்டும். மச்சான் தொங்கத்தான் வேண்டும்.

கடைக்காரர் சொன்ன 1000 போட்டால்? ஆரம்பக் கனம் பத்து கிலோவாகக் குறையும். லாபம் இரண்டரை கிலோ. மூட இழுக்க வேண்டியது 55 கிலோவாக ஏறும்.

உங்கள் தகராறு ஷாக்கின் பலத்தில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. சுவர்ப் பக்கக் குண்டை 8 செ.மீ. கீழே இறக்குங்கள், 12க்குப் பதில் 20. சாத்திய நிலையில் 7 செ.மீ. என்றிருந்தது 15க்குப் பக்கமாக வரும். அங்கே 400 நியூட்டன் ஷாக் இப்போதைய 800 செய்யும் வேலையைச் செய்யும்: ஆரம்பக் கனம் 12 கிலோ. மூட இழுப்பதோ 42லிருந்து பன்னிரண்டரைக்கு வந்துவிடும். அதே நீள ஷாக் என்றால் திறக்கும் கோணம் ஏழெட்டு டிகிரி குறையும், அவ்வளவுதான் விலை.

கம்புதான்_கதி:

சீஃப் காக்கா (அண்ணே), பாம்பன் புதுப் பாலத்துல நடு ஸ்பானைத் தூக்க எதிர்எடை போட்டிருக்காங்களே, அது மாதிரி மூடிக்கும் ஒரு கப்பி, ஒரு கல்லு கட்டிட்டா?

கீழக்கரை_சீஃப்:

கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியானதே. அந்தப் பாலத்தில் ஸ்பான் நேராக மேலே போகிறது. எங்கே நின்றாலும் அதன் எடை ஒன்றுதான், எதிர்எடையும் ஒன்றுதான், அதனால் எல்லா உயரத்திலும் சமன். நம் மூடி கீலில் திரும்புகிறது. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு கணக்கு. 1914ஆம் ஆண்டுப் பழைய பாலத்தின் இரண்டு இலைகளும், அதாவது கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் துண்டுகளும், இப்படித் திரும்பி எழும்பியவைதான். ஆட்கள் கையால் சுற்றியே அவற்றைத் திறந்தார்கள் என்றால் சமன் எவ்வளவு சரியாக இருந்திருக்க வேண்டும்! ஆடும் படகில் கல்லைத் தொங்கவிட்டால் அது முதலில் உங்கள் முழங்காலைத் தேடும். வேண்டாம்.

தொண்டி_பைபர்:

எல்லாரும் ஷாக்கையே பேசுறீங்க. பிளைவுட் துண்டோட பிய்ஞ்சு வந்துச்சுன்னு தம்பி எழுதினதை யாரும் கண்டுக்கல. எனக்கு அதுதான் முக்கியம்.

அந்தத் துண்டு என்ன நிறம்? கருத்துப் போய், நகத்தால கீறினா நாரா வந்தா மூடிக்குள்ள தண்ணி இறங்கிருச்சுன்னு அர்த்தம். பைபர் மூடின்னு சொல்றோமே தவிர மேல ஒரு தோல், கீழ ஒரு தோல், நடுவுல பிளைவுட். ஸ்க்ரூ ஓட்டையைச் சீல் பண்ணாம விட்டா அது வழியா தண்ணி உள்ள போகும், வெளிய வராது. வருஷக்கணக்குல ஊறி மூடி கனம் ஏறிக்கிட்டே போகும். பழைய ஓனர் ஒவ்வொரு தடவை கனம் ஏறும்போதும் ஒரு சைஸ் பெரிய ஷாக் போட்டிருப்பார், நான் பார்த்த பல படகுல இதே கதைதான்.

இன்னொண்ணு. படகு கட்டிக் கிடக்கிற நேரம் பூரா மூடி சாத்தியேதான் இருக்கு. அந்த நேரம் பூரா 800 நியூட்டன், அதாவது எண்பது கிலோ, அந்த நாலு ஸ்க்ரூவைப் பக்கவாட்டுல தள்ளிக்கிட்டே இருக்கு. ஊறின பிளைவுட் எவ்வளவு நாள் தாங்கும்?

மூடியைக் கழட்டி நிழல்ல வச்சு, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால இஞ்சு இஞ்சா தட்டுங்க. நல்ல இடம் 'டங்'னு கேக்கும், ஊறின இடம் 'பொத்து'ன்னு கேக்கும். பென்சிலால சுத்திக் கோடு போட்டு போட்டோ போடுங்க.

அரியமான்_அலை:

நாங்க அரியமான் பக்கம் படகு விடுறோம். ஷாக் பலவீனமா பலமான்னு பார்க்கும்போது நேரத்தையும் குறிச்சு வைங்க. எங்க பழைய படகுல விடியக்காலையில திறந்தா மூடி மெதுவா இறங்கி வரும், மத்தியானம் ஓட்டிட்டு வந்து திறந்தா கம்முனு நிக்கும். ஆள் ஆளுக்கு ஒண்ணு சொல்லிச் சண்டை.

சீஃப் காக்கா, இதுக்குக் கணக்கு இருக்கா?

கீழக்கரை_சீஃப்:

இருக்கிறது தங்கச்சி. உள்ளே இருப்பது நைட்ரஜன். சூடேறினால் அழுத்தம் ஏறும், பத்து டிகிரிக்கு ஏறக்குறைய மூன்றரை சதவீதம். ஷாக் மேல் எழுதியிருக்கும் எண் 20 டிகிரியில் அளந்தது. ஓடி வந்த எஞ்சின் மேல் 60 டிகிரி இருந்தால் பதின்மூன்று, பதினான்கு சதவீதம் கூடுதலாகத் தள்ளும். காலையில் இறங்கி, மதியம் நிற்கும் ஷாக் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். மாற்றிவிட வேண்டியதுதான், இரண்டையும் ஜோடியாக.

அரியமான்_அலை:

சரியாப் போச்சு, நாங்களும் ஜோடியாத்தான் மாத்தினோம்.

இன்னொரு விஷயமும் சொல்லிடுறேன். ஷாக் எவ்வளவு புதுசா இருந்தாலும் அதை நம்பி மட்டும் மூடிக்கு அடியில தலையை விடாதீங்க. கேஸ் மெதுவாத்தான் போகும், ஆனா பிராக்கெட் ஒரு நொடியில போகும். பக்கத்துல ஒரு விசைப்படகு வேகமா போனா வர்ற அலையே போதும். நாங்க ஒரு பக்கத்துல எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி ஒண்ணு கீல் வச்சு மாட்டியிருக்கோம், திறந்ததும் குழிக்குள்ள விழுந்து பூட்டிக்கும். கம்பு அண்ணன் சொன்ன சவுக்குக் கம்போட படிச்ச தம்பின்னு வச்சுக்கங்க. புள்ளைங்க ஏறுற படகுல இது இல்லாம நான் மூடியைத் திறக்க விடுறதில்ல.

காத்தையும் கணக்குல சேருங்க. ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிக்கும்போது தென்கடல்ல மூடியைத் திறந்தா அது பாய் மாதிரி காத்தை வாங்கும்.

கீழக்கரை_சீஃப்:

தங்கச்சி சொல்வது முக்கியம். மணிக்கு 50 கி.மீ. காற்று நேராக அடித்தால் இந்த அளவு மூடியில் பதினைந்து கிலோ அளவுக்குத் தள்ளும். குந்துகால் தம்பியின் படகில் கீல் முன்பக்கம் இருப்பதால், நங்கூரத்தில் முகம் காற்றைப் பார்த்து நிற்கும்போது காற்று மூடியின் முதுகில் அடித்துச் சாத்தப் பார்க்கும். பின்பக்கக் காற்றில் அதுவே மூடியைக் கீலோடு பெயர்க்கப் பார்க்கும். முதலாவது விரலுக்கு ஆபத்து, இரண்டாவது கீலுக்கு. எப்படிக் கட்டினாலும் பூட்டுக் கம்பி இரண்டு திசையிலும் பிடிக்க வேண்டும்.

குந்துகால்_வாசி:

அளவு எடுத்து, தட்டிப் பார்த்து, எல்லாம் முடிச்சுட்டு வர்றேன்.

ஸ்பாஞ்சைப் பிய்ச்சு எடுத்தேன். பிழிஞ்சா எஞ்சின் ஆயிலும் உப்புத்தண்ணியுமா ஊத்துது. அதை எடுத்துட்டுத் தராசு போட்டா 17 கிலோ! ஸ்பாஞ்சை எடுத்ததுக்கே தராசுல அஞ்சு கிலோ குறைஞ்சிருச்சு.

தொண்டி அண்ணே, நீங்க சொன்னது போலவே இடது பிராக்கெட்டைச் சுத்தி ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் 'பொத்து'. வலது பக்கம் நாலு ஸ்க்ரூவைச் சுத்தி மட்டும் லேசா. மத்த இடமெல்லாம் டங்குனுதான் கேக்குது.

தொண்டி_பைபர்:

தப்பிச்சீங்க. முழு மூடியும் போயிருந்தா புதுசு வார்க்கணும்.

மூடியைக் கவுத்துப் போட்டு, கீழ்த் தோலை மட்டும் அந்தத் தட்டு அளவுக்குக் கிரைண்டரால வெட்டி எடுங்க. மேல் தோலைத் தொடாதீங்க, அதுதான் அழகு. கறுத்த பிளைவுட்டை எல்லாம் உளியால சுரண்டி, வெள்ளை மரம் வர்ற வரைக்கும் போங்க. அப்புறம் காய விடுங்க. வெயில்ல ரெண்டு நாள்ல காஞ்சிரும்னு நினைக்காதீங்க, இங்க காத்துலயே உப்பு ஈரம் இருக்கு. நல்லா நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான் காய வைக்கணும், உப்பு இருந்தா அது ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும்.

ஒட்டுறதுக்கு எப்பாக்ஸி. நம்ம ஊர் யார்டுல படகு கட்டுற சாதா ரெசின் பாலியெஸ்டர். புதுப் படகுக்கு அது போதும், பழைய மரத்துலயும் பழைய பைபர்லயும் அதுக்கு எப்பாக்ஸி அளவுக்குப் பிடிப்பு கிடையாது. காசு கூடத்தான், ஆனா ஒரு தட்டு அளவு இடத்துக்கு எவ்வளவு ஆயிரும்? புது மெரைன் பிளை துண்டு, எப்பாக்ஸி தடவி உட்கார வச்சு, மேல நெய்த பைபர் துணி ரெண்டு மூணு அடுக்கு. துணி விளிம்பு பழைய தோல் மேல நாலு விரல் ஏறி உக்காரணும்.

வலது பக்க ஓட்டைக்கு இவ்வளவு வேண்டாம். ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிய பிட்டால அகலப்படுத்தி, ஈர மரத்தைச் சுரண்டி, காய வச்சு, பவுடர் கலந்து கெட்டியாக்கின எப்பாக்ஸியால அடைச்சு, இறுகினதும் அதுக்கு நடுவுல புதுசா ஓட்டை போடுங்க. இனிமே ஸ்க்ரூ மரத்தைத் தொடாது. தண்ணியும் மரத்தைத் தொடாது.

சுவர்ப் பக்கம் புது இடத்துல பிராக்கெட் போடுறப்ப ஸ்க்ரூ வேண்டாம், போல்ட்டு போட்டுப் பின்னால 316 எஸ்.எஸ். (உப்புக்குத் தாங்குற ரகம்) தகடு வைங்க. கை போற இடம்தானா பாருங்க.

மீன்பிடித் தடைக்காலம் முடியறதுக்குள்ள யார்டுல ஆள் பிடிக்க முடியாது, எல்லாரும் விசைப்படகுல தொங்கிக்கிட்டு இருப்பாங்க. நீங்களே செய்யலாம், பயப்படாதீங்க. தூசி மூக்குக்குள்ள போகாம மாஸ்க் போடுங்க, பைபர் தூசி அரிப்பு ரெண்டு நாளைக்குத் தூங்க விடாது.

கீழக்கரை_சீஃப்:

17 கிலோ என்றால் கணக்கு மறுபடி. டார்க் 200. குண்டை 20 செ.மீ. தாழ இறக்கிய பிறகு 300 நியூட்டன் ஷாக் இரண்டு போட்டால்: ஆரம்பத்தில் தூக்க ஒன்பதரை கிலோ. விளிம்பு ஓரடிக்குச் சற்று மேல் எழும்பியதும் மீதியை ஷாக் எடுத்துக்கொள்ளும், எகிறாது, நடந்து போவது போல் போகும். மூட இழுக்க 9 கிலோ.

தூக்கவும் ஒன்பது, இறக்கவும் ஒன்பது. 800லிருந்து 300க்கு வந்துவிட்டோம்.

தங்கச்சிமடம்_ஸ்பானர்:

காக்கா, கணக்கு சரி, ஆனா நான் 350 போடச் சொல்வேன். ரெண்டு வருஷத்துல கொஞ்சம் கேஸ் போகத்தான் போகுது. 300ல ஆரம்பிச்சா சீக்கிரமே காலையில இறங்க ஆரம்பிச்சிரும்.

கீழக்கரை_சீஃப்:

350 என்றால் தூக்க 8, மூட பன்னிரண்டரை. பத்து சதவீதம் போனாலும் 300 ஷாக் முழுத் திறப்பில் மூடியைத் தாங்கும், அங்கே தேவைக்கு மேல் கிட்டத்தட்ட முக்கால் மடங்கு மிச்சம் இருக்கிறது. மூடுவது வீட்டில் யார் என்பதைப் பொறுத்து முடிவு செய்யட்டும்.

தங்கச்சிமடம்_ஸ்பானர்:

மிச்சம் இருக்கிறது முழுத் திறப்புல மட்டும்தான். பாதியில நிக்கணும்ல? நான் 350லயே நிக்கிறேன். வால்வு வச்ச ஷாக் கிடைக்குது. 350ஆ வாங்கி மாட்டிப் பார்த்து, ஜாஸ்தின்னு பட்டா வால்வைக் கொஞ்சமா திறந்து துளித்துளியா கேஸை விட்டுக் குறைச்சுக்கலாம். விட்டதைத் திரும்ப ஏத்த முடியாது, அதனால ஒரு சீண்டு விட்டு, மாட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த சீண்டு. விடும்போது ராடு கீழ, வால்வு மேல. தலைகீழா பிடிச்சா கேஸோட உள்ள இருக்கிற ஆயிலும் வந்துரும். ரெண்டு ஷாக்கையும் ஒரே அளவுக்குக் குறைக்கணும்.

மாட்டும்போதும் அதேதான், மெலிசான ராடு கீழ இருக்கணும், தடிச்ச சிலிண்டர் மேல. உள்ள இருக்கிற ஆயில் அப்பதான் சீல் மேல நின்னு அதைக் காயாம வச்சிருக்கும். உங்க படகுல சுவர்ப் பக்கக் குண்டுதான் எப்பவும் தாழ இருக்கு, ராடு அங்க. பாதிப் படகுல தலைகீழா மாட்டியிருக்கிறதைப் பார்க்கிறேன், சீல் காஞ்சு கேஸ் போயிருது, அப்புறம் "மால் சரியில்ல"ன்னு கடைக்காரனைத் திட்டுறது.

மெட்டீரியல் 316 எஸ்.எஸ். கேளுங்க. கார் டிக்கி ஷாக் விலை கம்மிதான், ஆனா அதோட ராடு இரும்புல குரோம் பூசினது. உப்புக்காத்துல குரோம்ல குத்துக் குத்தா புள்ளி விழும், அந்தப் புள்ளி ஒவ்வொண்ணும் உள்ள போய் வரும்போது சீலை அறுக்கும். கடையில காந்தம் வச்சுக் காட்டி "பாருங்க ஒட்டல, 316"ம்பாங்க. உப்புக்கு அவ்வளவு தாங்காத 304லயும் ஒட்டாது. எழுத்துல கேளுங்க, பில்லுல போடச் சொல்லுங்க.

குந்துகால்_வாசி:

மூடுறது பெரும்பாலும் என் வீட்டம்மாதான் 😀 வால்வு வச்ச 350 ஆர்டர் போடுறேன், குறைச்சுக்கலாம். அந்தப் பழைய 800 ரெண்டையும் என்ன பண்ண? கேஸை எடுத்துட்டு இரும்புக் கடையில போடலாம்னு ஓட்டை போடப் பார்த்தேன்.

கீழக்கரை_சீஃப்:

தம்பி, டிரில்லைக் கீழே வையுங்கள். 8 மி.மீ. ராடு வைத்த 400 நியூட்டன் ஷாக்குக்குள்ளேயே ஏறக்குறைய 80 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு சொச்சம். உங்களுடையது அதைவிடப் பெரிது. வெட்டுவது, ஓட்டை போடுவது, வெல்டிங் வைப்பது, குப்பையோடு எரிப்பது எதுவும் கூடாது. இரும்புக் கடைக்காரர் கிரைண்டர் வைப்பார், அவரிடம் சொல்லாமல் கொடுப்பதும் தவறு. ஷாக் விற்கும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

கம்புதான்_கதி:

சவுக்குக் கம்பை அடுப்புல வச்சாலும் ஒண்ணும் ஆகாது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

குந்துகால்_வாசி:

மாட்டியாச்சு.

மூடி வேலை தொண்டி அண்ணன் சொன்ன மாதிரியே. காய வைக்கத்தான் பொறுமை வேணும். சுவர்ப் பக்கம் நேரா போல்ட்டு அடிக்காம, முதல்ல ஒரு பிளைவுட் துண்டுல குண்டை வச்சு ஜி-கிளாம்பு போட்டுப் பிடிச்சு, 18ல, 20ல, 22ல மூணு இடத்துலயும் திறந்து மூடிப் பார்த்தேன். 22ல எஞ்சின் ஏர் ஃபில்டர் மேல சிலிண்டர் உரசுது. 20தான் சரி. மூடி சாத்தினப்ப ஷாக் முழுசா உள்ள போய் முட்டல, மூணு நாலு செ.மீ. மிச்சம் இருக்கு.

350ஐ அப்படியே மாட்டினேன். தூக்க லேசாத்தான் இருக்கு, மூடத்தான் வீட்டம்மா முகம் சுளிச்சா. வால்வைத் திறந்து ரெண்டு மூணு சீண்டு விட்டதும் அவளே ஒரு கையால இழுத்துச் சாத்துறா. எத்தனை நியூட்டன்ல நிக்குதுன்னு தெரியல, காக்காவும் ஸ்பானர் அண்ணனும் பங்கு போட்டுக்கங்க.

பூட்டுக் கம்பி ஆர்டர் கொடுத்திருக்கேன், மண்டபத்துல ஒரு லேத்துல செய்றாங்க. ஸ்பாஞ்சுக்குப் பதில் என்ன ஒட்டலாம்? எஞ்சின் சத்தம் இப்ப காதைக் கிழிக்குது.

புதுசா ஒரு தொல்லை: முன்னாடி மூடி அசையாம கிடந்துச்சு. இப்ப அலையில குதிக்கும்போது பின் விளிம்பு தட்தட்னு அடிக்குது.

தொண்டி_பைபர்:

தண்ணி குடிக்காத மூடின செல் ஃபோம் கேளுங்க, ரப்பர் வகையில வரும், தீப்பிடிக்காத ரகமா பாருங்க. வெட்டின விளிம்பையும் டேப் போட்டு அடைங்க. ஒட்டினதும் தராசுல ஒரு தடவை நிறுத்துக்கங்க, ரெண்டு கிலோவுக்கு மேல ஏறினா அந்த ரகம் வேண்டாம்.

தங்கச்சிமடம்_ஸ்பானர்:

தட்தட்டுக்கு ஷாக்கைத் தொடாதீங்க. பிராக்கெட்டையும் தொடாதீங்க. பின் விளிம்புல ரெண்டு ரப்பர் கொக்கி, பழைய டிராக்டர் பானட்டுல இருக்குமே, இழுத்து மாட்டுற ரகம், அது ரெண்டு போட்டு, விளிம்பு உக்கார்ற இடத்துல டி-வடிவ ரப்பர் பீடிங் ஒட்டுங்க. பீடிங் ஒட்டினா மூடி அஞ்சாறு மி.மீ. மேல உக்காரும், கொக்கியை அதுக்கு அப்புறம் அளவு வச்சு அடிங்க. முதல்ல கொக்கி அடிச்சுட்டா எட்டாது.

அரியமான்_அலை:

கொக்கி ரப்பர் வெயில்ல ஒரு வருஷத்துல வெடிச்சிரும். ரெண்டு ஜோடியா வாங்கி ஒண்ணை லாக்கர்ல போட்டு வைங்க தம்பி. அந்த லேத் பூட்டுக் கம்பி வந்ததும் போட்டோ போடுங்க, குழியோட ஆழம் எவ்வளவு வச்சாங்கன்னு பார்க்கணும்.